எட்டுக்கால் வண்டு

வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற்றின் நெடி மூக்கில் ஏறினால் போதும், இந்த வயதிலும் விரல் மடித்து ஆறுவரை எண்ணிப் பார்ப்பேன். கண்டக்குழிக் கடற்கரையில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டிலில் எங்கள் பாலர் வகுப்பு, ‘நேசரி’, நடந்தது. அங்கே கணக்குப் படிக்கக் கொப்பி கிடையாது, வண்டுதான். பத்தொன்பது வயது றெஜினா ரீச்சர் சிரட்டையைக் கவிழ்த்துச் சிவப்புப் பூசி, கறுப்புப் புள்ளி வைத்து, ஈர்க்கில் ஒடித்த கால்களைக் களிமண்ணால் ஒட்டச் சொல்வார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, கூட்டினால் ஆறு. அதே ஆறோடு எறும்பும் தும்பியும் செய்து, எங்களை அறியாமலே கூட்டலைப் படிப்பித்துவிட்ட அந்தக் கெட்டிக்காரியை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

எல்லாருக்கும் ஆறு வந்தது. எனக்கு மட்டும் எட்டு. வண்டு செய்தாலும் எட்டு, தும்பி செய்தாலும் எட்டு. நான் தொட்டதெல்லாம் சிலந்தியாகப் போனது. வகுப்பில் எனக்குச் ‘சிலந்தியன்’ என்று பட்டமும் வைத்தாயிற்று.

பட்டத்தை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ‘சேர்’ ஒருவர் சோதிக்க வருவார், ஆறு வராத பிள்ளையை ஒரு வருசம் நேசரியிலேயே மறித்துவிடுவார் என்று அம்மா எங்கேயோ கேட்டுவந்து சொல்லியிருந்தா. அடுத்த வருசம் நேசரிக்கு வரவிருந்தது என் தங்கச்சி. அவள் அன்றைக்கே பெரிய மனது பண்ணிவிட்டாள்:

“அண்ணன், பாயில எனக்குப் பக்கத்தில இரு. நான் சொல்லித்தாறன்.”

சுனாமி பற்றியெல்லாம் கேள்விப்படாத காலம் அது. எனக்கு அந்த ஒரு வசனமே சுனாமியாயிருந்தது. பதறிப்போய் வண்டின் இரண்டு கால்களைக் கடித்துத் துப்பினேன். பதற்றத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில் கடித்துவிட்டதால் வண்டு நொண்டியானது. பிறகு தலவில் கோயில் புனித அன்னம்மாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். அங்கேதான் என் வியாதியின் வேரும் இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ரீச்சர் ஏசவில்லை. என்னைப் பக்கத்தில் இருத்தி, சத்தமாக எண்ணிக்கொண்டு ஒட்டச் சொன்னார். முதல் காலை நான் வாய்திறக்காமல் ஒட்டினேன். அடுத்த காலுக்குத்தான் ‘ஒண்டு’ என்றேன். மறுபக்கமும் அப்படியே. இப்படி எண்ண யார் பழக்கினது என்று ரீச்சர் கேட்டார், அப்பா என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அப்பாவின் வள்ளம் கரை தட்டிய இடத்தில் றெஜினா ரீச்சர் நின்றார். நான் வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். அப்பா கூடைக்குள்ளிருந்து முதல் பாரை மீனை எடுத்து, பேசாமல் ஓரமாக வைத்தார். அடுத்த மீனைத் தூக்கி ‘ஒண்டு’ என்றார். எங்கள் வீட்டு வழக்கம் அது. ஒவ்வொரு கூடையிலும் முதல் மீன் அன்னம்மாவுக்கு, அதை எண்ணக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே எண்ணல் அதுதான்.

“கறிக்கெண்டால் சொல்லி அனுப்பியிருக்கலாமே ரீச்சர்” என்று அப்பா ஒரு மீனை நீட்டினார்.

“கறிக்கில்லை அண்ணன். உங்கட மகன்ட வண்டுக்கு ஏன் எட்டுக் கால் எண்டு பார்க்க வந்தனான்.”

அன்று வகுப்பில் ரீச்சர் என் வண்டின் பக்கத்துக்கொரு காலைப் பிடுங்கி, இரண்டையும் தலையில் குத்தினார். வண்டுக்கு மீசை முளைத்தது.

“நீ எடுத்த குச்சி எட்டும் சரி மகன். அன்னம்மாவுக்குரியதை மட்டும் தலையில வை. பிறகு எண்ணு.”

கந்தோர் சேர் வந்த நாளில் வண்டை முன்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் புத்தளத்து முஸ்லிம் மனிதர், தொப்பியும் தாடியுமாக. வரிசையாக இருந்த மொட்டை வண்டுகளைத் தாண்டி வந்து, மீசை வைத்த ஒரேயொரு வண்டைத் தூக்கிப் பார்த்தார். மொத்தம் எத்தனை குச்சி என்று கேட்டார். எட்டு என்றேன். கால் எத்தனை என்றார். பதற்றத்தில் எனக்குக் கால், மீசை எல்லாம் ஒன்றாகக் குழம்பி, ‘ரெண்டு அன்னம்மாவுக்கு’ என்று உளறிவிட்டேன். ரீச்சர் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அந்த மனிதர் என் உயரத்துக்குக் குந்தினார். “சரி, அந்த அம்மாட ரெண்டையும் குடுத்திட்டா, வண்டுக்கு மிச்சம் எத்தின?”

“ஆறு.”

“கூட்டத்தான் கேக்க வந்த நான். புள்ள கழிச்சும் காட்டிட்டான்” என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

தைமாதம் நான் பெரிய பள்ளிக்கூடம் போனேன். தங்கச்சி தனியாகப் பாயில் இருந்தாள்.

கொட்டில் நின்ற இடத்தில் இன்று வெள்ளைக்காரர் தங்கும் விடுதி. றெஜினா ரீச்சர் கலியாணம் முடித்துச் சிலாபம் பக்கம் போனவர், பிறகு தகவல் இல்லை. போன மாதம் என் கடைக்குட்டியின் முன்பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கேயும் வண்டுதான், அங்கேயும் ஆறுதான். அதில் எனக்குச் சந்தோசமே. பெட்டியோடு வாங்கிய பிளாஸ்டிக் வண்டு, ஆறு துளை, ஆறு கால். மூன்று நிமிடத்தில் இருபது பிள்ளைகளும் சரியாகச் செய்து முடித்தார்கள். என் மகள் எப்படி எண்ணுகிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.