நுனி ஒடிக்காத வெண்டைக்காய்

பிஞ்சில் பறித்தால் சாம்பாருக்குப் போவேன்; பறிக்காமல் விட்டால் கடல் தாண்டிப் போவேன். நான் யார்?

வெண்டைக்காய். விதை வங்கியில் வேலை செய்பவர்களுக்கு இது விடுகதை இல்லை, தினசரித் தலைவலி. ஊரே காயைப் பிஞ்சில் பறிக்கிறது. நாங்கள் அது முற்றிக் காயும்வரை காத்திருக்கிறோம். தோட்டத்தில் விதைக்கென்று விட்ட காய் யார் குழம்பிலோ கொதித்ததைப் பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

பல நாடுகள் சேர்ந்து பழைய காய்கறி ரகங்களைக் காப்பாற்றுகிறோம். ஒருவரது விதையில் ஒரு பங்கு இன்னொருவரிடமும் இருக்கும். சென்ற மழையில் கூட்டாளி நாடு ஒன்றின் விதைக் கிடங்கில் வெள்ளம் புகுந்துவிட்டது. அவர்களுடைய வெண்டை ரகம் ஒன்று, ஜார்ஜ்டவுன் ஓரத்தில் இருக்கும் எங்கள் குளிரறையில் மட்டுமே மிஞ்சியது. பழைய விதை, அத்தனையும் விதைத்தும் ஒரே செடிதான் பிழைத்தது. அதில் ஐந்து காய்கள். அவை முற்றினால் அந்த ரகம் ஊர் திரும்பும். இல்லாவிட்டால் அத்துடன் முடிந்தது.

காவல்

செடிக்குப் பக்கத்தில் யாரையும் விட வேண்டாம் என்று காவலாளி மணியம் அண்ணனிடம் சொல்லிவைத்தேன். அவரும் யாரையும் விடவில்லை. ஆனாலும் மறுநாள் ஒரு காய்க்கு நுனி இல்லை. அந்த வழியாக மழைநீர் இறங்கி, காய் அழுகிப்போனது. யார் செய்தது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"நான் பறிக்கல லா, மேடம். பிஞ்சா முத்தலான்னு நுனிய மட்டும் ஒடிச்சுப் பார்த்தேன். பசார்ல எல்லாரும் அப்படித்தானே பாக்குறாங்க."

நிபுணர்கள்

கூட்டு மதிப்பீட்டுக்காக மூன்று நாடுகளிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்தார்கள். காயின் சொரசொரப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று காலை முழுவதும் வாதாடினார்கள். ஒருவருக்கு முள்ளாகக் குத்தியது இன்னொருவருக்குப் பட்டாக இருந்தது. காற்று வாங்கட்டும் என்று பாத்திப் பக்கம் அழைத்துப் போனேன். அதுதான் நான் செய்த தவறு. பேச்சு மும்முரத்தில் ஆளுக்கொரு காயைப் பிடித்தார்கள். ஆளுக்கொரு நுனியை ஒடித்தார்கள். அவர்களில் மூத்தவரான தாய்லாந்து அம்மையார், கையிலிருந்த நுனியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை."

தொலைபேசி

வெள்ளத்தில் விதையைப் பறிகொடுத்த கிடங்கின் பொறுப்பாளர் அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு காய்தான் பாக்கி என்றேன். உரம் அனுப்பட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். கருவி அனுப்பட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். நிபுணர் ஒருவரை அனுப்பட்டுமா என்று கேட்டபோது நான் கத்தியிருக்கக் கூடாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி, அப்படியானால் யாரையும் அனுப்பாமல் உதவுகிறோம்."

பள்ளிச் சுற்றுலா

கடைசிக் காய்க்கு வலைப்பை கட்டினேன். அது நன்றாகவே காய்ந்துகொண்டு வந்தது. அந்த வாரம் பார்த்து ஒரு தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மற்றப் பாத்திகளில் ஆளுக்கு ஒரு காய் பறித்துக்கொள்ளலாம், வலை கட்டியதை மட்டும் தொடக் கூடாது என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், யாழினி என்ற சிறுமி வலையோடு சேர்த்து அந்தக் காயின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

ஓடினால் பயத்தில் ஒடித்துவிடுவாள். நின்ற இடத்திலிருந்தே, அது வேறொரு நாட்டாருடைய காய், அவர்கள் விதையெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் விரலை எடுக்காமலே யோசித்தாள்.

"அப்ப அவங்க இப்ப எதப் போட்டு சாம்பார் வைக்கிறாங்க, டீச்சர்?"

தெரியாது என்றேன். இத்தனை நாடுகளின் ஒத்துழைப்பும் கடைசியில் ஏழு வயதுப் பிள்ளையின் இரண்டு விரலுக்கு நடுவே வந்து நின்றது.

யாழினி கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்துப் பாத்திக்குப் போய் ஒரு சிவப்பு வெண்டைக்காயைப் பறித்து, அதன் நுனியை ஒடித்துப் பார்த்தாள்.