பாதிக்கு மேல் திருகாத மைக் செட்

மழை இருட்டினால் எனக்குச் சோறு இறங்காது. மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவு மூடிய பிறகு எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் மலையிலும் வெடிப்பு விட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே உள்ள லயத்து வரிசை வீடு ஒன்றில், கால் விளங்காத என் தங்கச்சி படுத்திருக்கிறாள்.

ஆபத்து என்றால் கோயில் மைக் செட்டில் சொல்வது என் வேலை. கொழுந்து பறிக்கும் மலையில் என் குரலுக்கு ஈடு கிடையாது; அதனால்தான் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். போன மழையில் கரண்ட் போய்விட்டது. பெட்டரியில் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருகி, தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் வெளியே வரவில்லை. நல்லவேளை, அன்று மலை இறங்கவில்லை.

"கரகரன்னு கேட்டுச்சுக்கா. வெளிய வரச் சொன்னியா, உள்ள இருக்கச் சொன்னியா?" என்றாள் தங்கச்சி.

பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கும் என் மகள் வந்து மைக் செட்டுப் பெட்டியைக் கழற்றினாள். உள்ளே இருந்ததை எல்லாம் அப்படியே கம்ப்யூட்டரில் வரைந்தாள்.

"படத்துல மழை பெய்யுமாடி?"

"மழை வேணாம்மா. மழைநாள்ல பெட்டரி எப்படி இருக்குமோ, அப்படி வச்சாப் போதும்."

ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தாள். திரையில் ஓடிய குரல் அலை மாறவே இல்லை. பெட்டரியின் பலத்தைக் குறைத்ததும், கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி போல அலையின் தலை தட்டையானது. சத்தத்தைக் குறைத்தாள்; மறுபடி உருண்டு வந்தது.

"கூட்டக் கூட்ட வார்த்தை வெட்டுப்படுது. பாதிக்கு மேல திருகாதீங்க."

"அப்ப நான் கத்துனதுதான் குத்தமா?"

"ஒங்க தொண்டைய யாரு கொற சொன்னா? பெட்டரியால தாங்க முடியல."

அன்றே பெட்டரியில் பேசிப் பார்த்தோம். கீழ் லயம் வரை தெளிவாகக் கேட்டது. ஆனால் அன்று வெயில். தகரத்தில் மழை அடிக்கும்போது பாதிச் சத்தம் எந்த மூலைக்குப் போகும்?

அடுத்த மழையில் பட்டப்பகலிலேயே கரண்ட் போனது. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் சேறாக வந்தது. மேலே கல் உருளும் சத்தம். முழுக்கத் திருகு, திருகு என்று கை பறந்தது. பாதியில் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"கீழ் லயம். வெளிய வாங்க. கோயிலுக்கு வாங்க."

பனிமூட்டத்தில் ஒரு தலையும் தெரியவில்லை. மறுபடி சொன்னேன்.

கடைசியில் படியில் ஆட்கள் தெரிந்தார்கள். ரெண்டு பேர் நாற்காலியோடு தங்கச்சியைத் தூக்கி வந்தார்கள்.

"கேட்டுருச்சுக்கா! நிப்பாட்டு, காது வலிக்குது!"

நான் நிறுத்தவில்லை. லயத்தில் இன்னும் ஆள் இருந்தது. மேலே கல் உருண்டுகொண்டே இருந்தது.