மூன்றாவது ஜன்னல்

ராஜாமணி அக்காவுக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் பொழுது விடியும் என்று நான் கேலி செய்வேன். மற்ற இரண்டு வாரமும் அவர் வேலைக்கு வருவார், காய் நறுக்குவார், வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் அவருடைய மகன் சுபாஷுக்கு முதல் ஷிப்ட்.

எங்கள் இரண்டு பேருக்கும் பென்னலூரில் அடுத்தடுத்த வீடு. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்தே காய் நறுக்குகிறோம். காலை ஐந்தரைக்கு ஷேர் ஆட்டோ எங்களைக் கூட்ரோடு சிக்னலில் இறக்கிவிடும். அங்கே கேன்டீன் வேனுக்காக நிற்போம். சுபாஷ் வேறொரு கம்பெனியில் வேலை செய்கிறான். வாலாஜாபாத்திலிருந்து வரும் அவனுடைய கம்பெனி பஸ், அதே சிக்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ்ஸுக்குள் விளக்கு எரியும். மூன்றாவது ஜன்னலில், கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவான்.

அக்கா பையை என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டோரம் போய் நிற்பார். சிகப்பு விழுந்தால் ஒரு நிமிஷம் மகனைப் பார்க்கலாம். பச்சை விழுந்தால் அதுவும் இல்லை. அதனால் சிகப்பே விழ வேண்டும் என்று முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். மாதாவுக்கு டிராபிக் போலீஸ் வேலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்பேன். முறைப்பார். ஆரம்பத்தில் ஒரு நாள் அவன் விழித்திருந்தான். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவனைத் தூங்கியபடிதான் பார்த்திருக்கிறோம்.

நான்கு வருஷத்துக்கு முன், தன்னோடு ஒரே லைனில் வேலை பார்த்த சுபஸ்ரீயைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சுபாஷ் சொன்னான். அவள் எங்களைப் போல இந்து, வாலாஜாபாத் பக்கம். அந்தப் பெண் ஞானஸ்நானம் எடுக்கட்டும், இல்லையென்றால் நீ இந்த வாசல்படி ஏறாதே என்றார் அக்கா. அவன் ஏறவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் முடித்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வீட்டுப் பொங்கலை முதல் ஆளாக வந்து வாங்கித் தின்கிறவருக்கு, நாங்கள் கும்பிடுகிற சாமி அன்றைக்கு மட்டும் கசந்துவிட்டதா? ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு அவர் தனியாக ஏணி வைத்து ஏறி மொட்டைமாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதைப் பார்த்தேன். வருஷா வருஷம் சுபாஷ் கட்டுகிற ஸ்டார் அது. போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்குப் பிடித்த அச்சு முறுக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைப்பார். பொங்கல் வரைக்கும் அது அலமாரியில் இருக்கும். பிறகு எங்கள் வீட்டுக்கு வரும். அது யாருக்கு வைத்தது என்று தெரிந்துதான் தின்போம். போன் போட்டுப் பேசுங்களேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் பார்த்துக்கொள்வார் என்பார். அது பக்தி பாதி, வீம்பு பாதி.

இந்த டிசம்பரில் அக்காவுக்கு ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. அவர்கள் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பூசையில், குழந்தை இயேசு சொரூபத்தை ஏந்திவந்து குடிலில் வைக்கும் முறை வருஷத்துக்கு ஒரு வீட்டுக்குப் போகும். இந்த வருஷம் அக்காவின் முறை. அதற்கென்று வெள்ளைப் புடவை எடுத்து வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் வாரத்திலேயே சுபாஷுக்கு முதல் ஷிப்டும் வந்தது.

திங்கட்கிழமை சிகப்பு விழுந்தது. மூன்றாவது ஜன்னலில் வேறு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். செவ்வாய்க்கிழமையும் அவனே. அன்றைக்கு அக்கா கேரட்டோடு விரலையும் நறுக்கிக்கொண்டார். வேலையை விட்டுவிட்டானோ, மெஷினில் அடிபட்டுக் கிடக்கிறானோ, ஊரை விட்டே போய்விட்டானோ என்று வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார். அப்போதும் போனை எடுக்கவில்லை.

புதன்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எனக்குப் பொறுமை போய்விட்டது. சிகப்பு விழுந்ததும் நேராகப் போய் பஸ் கதவை அடித்தேன். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று டிரைவர் ஆரம்பித்தார். காதில் வாங்காமல், சுபாஷ் எங்கே என்று மூன்றாவது ஜன்னல் பையனைக் கேட்டேன். அவன் பெயர் ஹேமந்த். எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்ததுமே யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணனுக்குப் பொண்ணு பொறந்துகீதும்மா, சனிக்கிழமை. நேத்துதான் ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு இட்டாந்தாரு. அண்ணி வூட்லயும் யாரும் எட்டிப் பாக்கல. அதான் லீவு போட்டுட்டாரு."

இந்தத் தூங்குமூஞ்சி தன்னைப் பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன். ஹேமந்த் அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"அண்ணன் தூங்கவே மாட்டாரும்மா. ஏறினதுலேர்ந்து எங்ககூடப் பேசிக்கினுதான் வருவாரு. இந்த சிக்னல் வந்தா மட்டும் கண்ண மூடிக்குவாரு. முழிச்சிருந்தா எங்கம்மா மூஞ்சத் திருப்பிக்கும், தூங்கினா நல்லாப் பாக்கும்னுவாரு."

பச்சை விழுந்தது. பஸ் போய்விட்டது. அக்கா அதே இடத்தில் நின்று, விரல் கட்டில் ரத்தம் கசிவதுகூடத் தெரியாமல், சத்தமே வராமல் அழுதார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர் திருடிப் பார்த்ததாக நினைத்ததெல்லாம் மகன் கொடுத்ததுதான் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நானும் அழுதேன்.

கேன்டீன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, இரண்டு பேரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எதிர்ப் பக்கம் போய் வாலாஜாபாத் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அக்கா கோயிலுக்குப் பேசி, இன்றைக்குத் தன்னால் வர முடியாது, பாலன் இயேசுவை வேறு யாராவது தூக்கட்டும் என்றார். வெள்ளைப் புடவை என்ன ஆவது என்று கேட்டேன். குழந்தைக்குத் துணி கிழிக்க ஆகும் என்றார்.

ஹேமந்திடம் வீட்டு அடையாளம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று மட்டும் எப்போதோ காதில் விழுந்திருந்தது; இரண்டு தெருதான் அலைந்தோம். மூன்றாவது தெருவில் ஒரு வாசலில் கோலம் போட்டிருந்தது, அதற்கு மேலே ஸ்டார் தொங்கியது. அந்தத் தெருவில் அது ஒன்றுதான். அக்கா அண்ணாந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கதவு திறந்தே இருந்தது. சுபஸ்ரீ கட்டிலில் படுத்திருந்தாள். சுபாஷ் தரையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இது நிஜத் தூக்கம், வாய் திறந்திருந்தது. "அத்தை" என்று சுபஸ்ரீ பதறி எழப் பார்த்தாள். அக்கா ஓடிப்போய் அவளைப் படுக்க வைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிறகு அக்கா மகன் முன்னால் வந்து நின்றார். பழக்கதோஷம், அங்கேயும் தள்ளி நின்றுதான் பார்த்தார். வண்டி கிளம்பாது, கிட்டப் போங்கள் அக்கா என்றேன். கீழே உட்கார்ந்து அவன் கன்னத்தில் கை வைத்தார்.

"சுபாஷு, கண்ணத் தொறடா. நான் திருப்பிக்க மாட்டேன்."

அவன் திறந்தான். அக்கா திருப்பிக்கொள்ளவில்லை.