முருகையனின் முழங்கை

முழங்கையை வெந்நீர்க் குழாயின் கீழே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் முருகையன் பேசவே ஆரம்பிப்பார். விரலை நம்ப மாட்டார். "காச்சுப்போன வெரலு சார், அதுக்கு சூடு தெரியாது. கொழந்தைக்குத் தண்ணி ஊத்தறவங்க மொழங்கையிலதான பாப்பாங்க" என்பார். பிறகு வாளியை வைத்துக் குழாயை முழுசாகத் திறப்பார். நிறைந்ததும் மறுபடி முழங்கை. "நல்லாத்தான் இருக்குது." அத்துடன் வைத்தியம் முடிந்தது.

செங்கம் சாலையில், ஆசிரமத்தை ஒட்டிய சந்துகளில், வாடகை அறைகளின் வெந்நீருக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அடி அண்ணாமலையிலிருந்து மொபெட்டில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளே மாட்டச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "உள்ள வச்சா கேஸ் பொகையில குளிக்கப் போனவன் வெளிய வரமாட்டான். வேற ஆளப் பாத்துக்கங்க." பௌர்ணமியன்று யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். அன்று கிரிவலப் பாதையில் அவர் மனைவி மோர் விற்கிறார், இவர் தம்ளர் கழுவுகிறார். இத்தனைக்கும் மனிதர் வெந்நீரில் குளிப்பதே இல்லை. மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான். "வெந்நீரு ஒடம்ப சோம்பேறி ஆக்கிடும் சார்." வெந்நீரால் பிழைக்கிறவர் வாயிலிருந்து இது வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நான் இருப்பது மணியம்மாள் வீட்டு மாடியறையில். சாவி கொடுக்கும்போதே அவர் ஒரு சட்டமும் கொடுப்பார்: சோப்பு போடும்போது ஷவரை மூடிவிட வேண்டும். மறந்தால் கீழிருந்து, "சார், தண்ணி ஓடிகினே இருக்குது" என்று குரல் வரும். தொட்டி வைத்த பழைய கரண்ட் கீசர்களை எடுத்துவிட்டு, தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் கேஸ் கீசரை அறைக்கு அறை மாட்டச் சொன்னது முருகையன். அவர் வார்த்தையை நம்பி மணியம்மாளும் மாட்டினார். வந்தது வினை. முதலில் இதமாகக் கொட்டும். பாதிக் குளியலில் சுரீரென்று சுடும், அடுத்த நொடி நடுங்க வைக்கும், பிறகு மறுபடி இதம். நுரையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

முருகையன் வந்தார். முழங்கை, வாளி, நல்லாத்தான் இருக்குது. ஷவர் துளைகளில் படிந்திருந்த போர் தண்ணீர் உப்பைத் தேய்த்துவிட்டுப் போனார். மறுநாளும் சுட்டது. மறுபடி வந்து, கீசரில் நெருப்பைப் பற்றவைக்கும் பேட்டரியை மாற்றினார், வடிகட்டியைக் கழுவினார். கிளம்பும்போது என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாருக்கு ஒடம்புச் சூடு ஜாஸ்தியோ?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் முறை அவர் வந்தபோது மணியம்மாளும் மாடியேறி வந்துவிட்டார். "இன்னா முருகையா, கீழ் ரூம் அம்மாவும் இதேதான் சொல்லுது. உன் பேச்சக் கேட்டுதான மாட்னேன். இன்னிக்கி சரியாவலன்னா எல்லாத்தையும் கழட்டி வாசல்ல வச்சிடுவேன்."

வாசலில் கிடக்கும் கீசரைத் தெருவே பார்க்கும். யார் மாட்டியது என்று கேட்கும். அப்புறம் இந்தச் சந்துகளில் அவரை எவர் கூப்பிடுவார்? முருகையன் முகம் சுருங்கிப்போனது. பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பையைச் சுவரோரம் வைத்தார். பிறகு, "ஒரு துண்டு குடுங்க சார்" என்றார்.

கதவு மூடியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி திறக்கும் சத்தத்தோடு, "அய்யய்யோ" என்று உள்ளிருந்து ஓர் அலறல்.

துண்டும் காது மடலில் நுரையுமாக வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மிஷின் மேல தப்பில்லக்கா. சோப்பு போட மூடறோம் பாருங்க, அங்கதான். மூடனா நெருப்பு அணைஞ்சிடுது. உள்ள நின்ன தண்ணி அந்தச் சூட்டுலயே கெடந்து கொதிக்குது, தொறந்ததும் அது வந்து சுடுது. நெருப்பு திரும்பப் பத்தறதுக்குள்ள பச்சத் தண்ணி நழுவி வந்துடுது. நான் வாளியில புடிச்சேன், நடுவுல மூடவே இல்ல. எப்படித் தெரியும்?"

நான் மணியம்மாளைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார். "அதுக்காக தொறந்தே வுட முடியுமா? சித்திரையில போர் காத்து ஊதுது."

"மூடுங்கக்கா. திரும்பத் தொறக்கசொல்ல கீழ நிக்காம, மொதல்ல வர்ற தண்ணிய வாளியில புடிச்சிக்கச் சொல்லுங்க. சொட்டு வீணாவாது, துணி அலசிக்கலாம்."

மணியம்மாள் யோசித்தார். "வாளி நான் வாங்கிப் போடறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். கீசர்கள் சுவரிலேயே இருக்கின்றன.

போன வாரம் எதிர்வீட்டில் இதே புகார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். முருகையன் குளியலறை வாசலில் பையை வைத்தார். முழங்கை நீளவில்லை. பையிலிருந்து ஸ்பேனருக்கு முன்னால் ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.