பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்

வியட்நாமில், பூ மி ஹங் பகுதியில் வாடகை வீடு அமைந்துவிட்டது. நடுவில்தான் ஒரு சிக்கல் வந்தது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் 'பட்டவராயன்' என்றிருந்தது. வீட்டுக்கார அம்மா அதைக் கைப்பேசியில் தேடினார். அந்தப் பெயரில் இரண்டு பிரபலங்கள் அகப்பட்டார்கள். ஒருவர் பளுதூக்கும் சாம்பியன். இன்னொருவர் சீட்டுக் கம்பெனி நடத்திச் சிறைக்குப் போனவர்.

அந்த அம்மா வியட்நாமியத்தில் ஏதோ கேட்டார். தரகர் யூசுப் பாய், காரைக்கால்காரர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஜெயிலுக்குப் போனவரு உங்களுக்கு என்ன வேணும்னு கேக்குறாங்க தம்பி. இவ்வளவு அபூர்வமான பேருன்னா இங்க ஒரே குடும்பமாத்தான் இருக்கும்."

"பாய், அது எங்க அப்பா பேரு. எங்களுக்குக் குடும்பப் பேருன்னே ஒண்ணு கிடையாது."

அந்த அம்மா நம்பவில்லை. மகனின் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதே இடத்தில் என் பெயர், செந்தில். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"தலைமுறைக்கு ஒரு குடும்பமான்னு கேக்குறாங்க" என்றார் பாய்.

அந்த அம்மா சாவியை என் கையில் கொடுத்தார்.

ஒரே வருத்தம், சீட்டுக்காரரை உதறிய வேகத்தில் பளுதூக்கும் சாம்பியனும் கைவிட்டுப் போனார். அவரை மட்டும் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம்.

உங்கள் அப்பா பெயரையும் தேடிப் பாருங்கள். யாரைச் சொந்தமாக வைத்துக்கொள்வீர்கள், யாரை உதறுவீர்கள்?