உறவுமுறை என்ற கட்டம்

வெர்லின் ஹாக்ஸ்டட் எங்கள் சீஸ் ஆலையின் குளிர்க்கிடங்கில் முப்பத்தொரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவன் லீவு கேட்டு நான் பார்த்ததில்லை. மான் வேட்டை தொடங்கும் வாரம் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் பாதி ஆலை காலியாகிவிடும். அப்போதும் அவன் வண்டியில்தான் இருப்பான்.

அதனால், போன மார்ச்சில் அவன் குடும்ப மருத்துவ விடுப்புக்கு மனு கொடுத்ததும், மனிதவளப் பிரிவின் ஜெனெல் அதைத் திருப்பிக் கொடுத்ததும் அன்றைக்கே இடைவேளை அறையில் பேச்சாகிவிட்டது. நான் தொழிற்சங்கப் பிரதிநிதி. தாளை வாங்கிப் பார்த்தேன். நோயாளி ஆர்லிஸ் நெஸ்டிங்கன், எண்பத்தாறு வயது மூதாட்டி. உறவுமுறை என்ற கட்டத்தில் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தான்.

"பக்கத்து வீட்டுக்கு எந்தச் சட்டம்யா லீவு கொடுக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியும். கேட்டுப் பாத்தேன். பரவாயில்ல."

எங்கள் ஊரில் வீடு எரிந்தாலும் 'பரவாயில்ல' என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை. ஆர்லிஸுக்கு இனி சில வாரங்கள்தான். அவர் தன் வீட்டிலேயே சாக விரும்பினார். வெர்லினுக்கு லீவு கிடைக்காவிட்டால், திங்கட்கிழமை அவரை முதியோர் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"ஒன்பது வயசுலேர்ந்து உனக்குச் சாப்பாடு போட்டது யாரு?"

"ஆர்லிஸ்."

"காய்ச்சல்னா பாத்துக்கிட்டது?"

"ஆர்லிஸ்."

"ஸ்கூல் ரிப்போர்ட்ல கையெழுத்து?"

"எங்கப்பா கையெழுத்த ஆர்லிஸ் போடுவாங்க. அப்பாவ விட நல்லாவே போடுவாங்க."

அவன் அப்பா தொலைதூர லாரி ஓட்டுநர். அம்மா ஒரு நாள் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறிப் போனவர். அதன்பின் வெர்லின் ஆர்லிஸ் வீட்டில்தான் தூங்கினான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆர்லிஸ் அவனிடம் சொல்வாராம்: "உங்கம்மா வருவா. நான் பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான்." அம்மாவின் இடத்தைக் காலியாகவே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் வாழ்ந்துவிட்டார்.

சட்டங்களைப் புகழும் பழக்கம் எனக்கில்லை. எங்கள் மாநிலச் சட்டம் மனைவியைப் பெற்றவர்களைக்கூடச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் காகிதம் எதுவுமில்லாமல் வளர்த்தவரைச் சேர்க்காது. அது தருவதும் இரண்டு வாரம்தான். கூட்டாட்சிச் சட்டத்தில் பன்னிரண்டு வாரம் உண்டு, சம்பளம் கிடையாது. பெற்றவரின் இடத்தில் இருந்து வளர்த்தவரையும் அது பெற்றோராகவே எடுத்துக்கொள்ளும். ரத்தமும் வேண்டாம், நீதிமன்றத் தாளும் வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப அம்மான்னு எழுதணுமா?"

"அம்மா இடத்துல இருந்து வளத்தாங்கன்னு ஒரு வரி. அது போதும்."

அவன் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வேலைக்குத் திரும்பச் சொல்லிச் சங்கு ஊதியது.

"இத எழுதிட்டா, எங்கம்மா வரமாட்டாங்கன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்," என்றான்.

அவனுக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தாளோடு வந்தான். 'தாயின் இடத்தில் இருந்து என்னை வளர்த்தவர்.' ஜெனெல் இரண்டு முறை படித்தாள்.

"இத முதல்லயே எழுதியிருக்கலாமே, வெர்லின்."

"முதல்ல தெரியல."

டாக்டர் நிரப்ப வேண்டிய தாளிலும் அதே கட்டம் இருந்தது. அதில் 'தாய்' என்று ஒரே சொல்லாக எழுதினான். ஆர்லிஸ் எந்தத் தாளையும் படிக்காமல் கைமாற்றுகிறவர் அல்ல. டாக்டரின் அறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்துக்கு வந்து நின்றாராம்.

"பேனாவுல எழுதிட்ட."

"ஆமா."

"பென்சில்ல எழுதியிருக்கலாம். உங்கம்மா வந்தா திருத்தணும்ல."

"வந்தா பாத்துக்கலாம்."

அவர் தாளை டாக்டரிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை விடுப்பு அனுமதியானது.

பன்னிரண்டில் ஏழு வாரம்தான் தேவைப்பட்டது. வெர்லின் வேலைக்குத் திரும்பிய அன்று, கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்டேன்.

"வாயால ஒரு தடவையாவது அம்மான்னு கூப்பிட்டியா?"

கையுறையை மாட்டிக்கொண்டே யோசித்தான்.

"ரெண்டு தடவ நாக்கு வரைக்கும் வந்துச்சு. ரெண்டு தடவையும் அவங்க தூங்கிட்டிருந்தாங்க. எழுப்ப மனசு வரல."