சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிளக்

காலை பத்து மணிக்கு என் கணவரின் ஒக்சிஜன் மெஷின் நின்றது. கரண்ட் போய்விட்டதாக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன், லைட் எரிந்துகொண்டிருந்தது. வேறு பிளக்கில் குத்திப் பார்த்தேன். இல்லை. குசினியிலும் இல்லை. வீட்டில் ஒரு பிளக்கும் வேலை செய்யவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சின்னச் சிலிண்டரை மாட்டிவிட்டேன். அதன் முள் பாதிக்குக் கீழே நின்றது. இரண்டு மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம்.

இது தம்பியின் வேலை என்று எனக்குப் பட்டது. வெள்ளவத்தையில் அப்பா கட்டிய இந்த வீட்டை நாங்கள் இருவரும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டோம். அந்தச் சண்டையில் பேச்சை விட்டு நாலு வருடம். சுவரைக் கட்டினோமே தவிர வயரைப் பிரிக்கவில்லை. மெயின் சுவிட்ச் பெட்டி அவன் பக்கம் போய்விட்டது. பிளக்குகளுக்கு வருகிற கரண்டை மட்டும் நிறுத்திவிட்டான் பாவி. மூச்சுக்குத் தவிக்கிற மனிதரிடமா உன் ரோஷத்தைக் காட்டுகிறாய் என்று சுவரைப் பார்த்தே திட்டினேன். கணவர் கையை அசைத்து வேண்டாம் என்றார். பேச அவருக்கு மூச்சில்லை.

நான் கூப்பிட்ட எலக்ட்ரீஷியன், நாங்கள் நானா என்று அழைக்கிற முஸ்லிம் அண்ணன், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. மெஷினைப் பிளக்கில் குத்தி சுவிட்சைப் போட்டபடியே, பக்கத்துப் பிளக்கின் மூடியைக் கழற்றி டெஸ்டரை வைத்தார். ஒரு வயரில் எரிந்தது. மற்றதிலும் எரிந்தது.

"என்ட தம்பி நிப்பாட்டிப்போட்டான், என்ன?" என்றேன்.

"இல்ல அக்கா. நிப்பாட்டியிருந்தா ஒண்டிலயும் எரியாது. கரண்ட் வருது. ஆனா ரெண்டிலயும் எரியக்கூடாது, ஒண்டிலதான் எரியணும். திரும்பிப் போற வயர்தான் எங்கயோ விட்டிருக்கு."

"லைட்டில இருந்து இழுக்கேலாதா?"

"அந்த வயர் சரியான பழசு. மெஷினைத் தாங்காது, பத்திக்கும்."

எங்கள் பக்கத்துப் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரி. "அந்தப் பக்கம்தான் பார்க்கணும்" என்றார். சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்திருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்த் தம்பியின் கேற்றைத் தட்டினேன். திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் வாய் திறக்க முன்னமே, "அத்தானுக்கு என்ன?" என்றான்.

சொன்னேன். அவன் உள்ளே ஓடி எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து வந்து ஒரு முனையை முற்றத்து மதிலுக்கு மேலால் எங்கள் பக்கம் போட்டான். மற்றதைத் தன் ஹோல் பிளக்கில் குத்தினான். அங்கே கரண்ட் ஒழுங்காக இருந்தது. எங்கள் பக்கம் நின்ற நானா அதில் மெஷினைக் குத்த, கொஞ்ச நேரத்தில் அது இரையத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிறகு நானா வந்து, மெஷின் ஓடுகிற ஹோல் லைனை விட்டுவிட்டு மற்றப் பிளக் லைனை மட்டும் நிறுத்தி, அவன் அறைக்குள் போனார். கட்டில் நடுச்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தோம். பின்னால் ஒரு பிளக், உடைந்து கருகியிருந்தது.

"கட்டில் இடிச்சு இடிச்சே வயர் விட்டிருக்கு. நல்ல காலம், நெருப்புப் பத்தல்ல" என்றார் நானா.

எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. "உனக்கென்ன விசரா? இவ்வளவு பெரிய அறையில கட்டிலைப் போட வேற இடம் கிடைக்கேல்லையா?"

தம்பி அந்தக் கருகிய பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதில படுத்தாத்தான் அத்தான் இருமுறது கேக்கும், அக்கா. கேக்காட்டி எனக்கு நித்திரை வராது."